அவருடைய பீரியட்

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவின் மூன்றாவது ஜன்னலில் நின்றால் மைதானம் முழுசாகத் தெரியும். செவ்வாயும் வெள்ளியும், பதினொன்றே முக்காலிலிருந்து பன்னிரண்டரை வரை, அந்த மைதானத்தில் ஒரே ஒரு மனிதர் நின்றுகொண்டிருப்பார். கேன்வாஸ் ஷூ, வெளுத்துப்போன நீலத் தொப்பி, கழுத்தில் விசில். அவருக்கு முன்னால் சுண்ணாம்புப் பொடியில் ஆறு கோடுகள், ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக. அந்தக் கோடுகளில் ஓட ஆள் கிடையாது. ஓட வேண்டிய நாற்பத்திரண்டு பேரும் மாடியில் என் முன்னால் உட்கார்ந்து முக்கோணத்துக்குப் பரப்பளவு கண்டுபிடித்துக்கொண்டிருப்பார்கள். அவர் எங்கள் பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர். நான் கணக்கு டீச்சர். பீரியட் அவருடையது, எடுத்துக்கொண்டவள் நான்.

உடனே என்னைத் திட்ட ஆரம்பிக்காதீர்கள். மைசூரில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதுதான் வழக்கம். ஜூனில் பள்ளி திறந்தால் டைம்டேபிளில் பி.டி. என்று எழுதியிருப்பது சும்மா ஒரு அலங்காரம். கணக்கும் சயின்ஸும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும். பத்தாம் வகுப்புப் பாடத்தை ஒன்பதாம் வகுப்பு ஜனவரியிலேயே ஆரம்பித்தால்தான் ரிசல்ட் நூற்றுக்கு நூறு வரும். ரிசல்ட் வந்தால்தான் அடுத்த வருஷம் பிள்ளைகள் சேருவார்கள். நான் ஒன்றும் அந்த நேரத்தில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கவில்லை. தொண்டை கட்டக் கட்டப் பாடம்தான் எடுத்தேன்.

ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னச் சீட்டில், 'இன்று உங்கள் பீரியட் வேண்டும், சார்' என்று எழுதி அனுப்புவேன். அவர் அதைப் படித்துவிட்டு, சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, சொல்லி அனுப்புவது ஒரே பதில்தான். "எடுத்துக்கட்டுமுங்க. நான் கீழதான் இருக்கேன்னு சொல்லு."

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கத்து ஆள் அவர். கொள்ளேகால், ஹனூர்த் தமிழ் கிட்டத்தட்ட கொங்குத் தமிழ்தான், வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தப் பள்ளிக்கூடத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தமிழ் வீட்டுப் பாஷை. என் அப்பா ஃபாக்டரி வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர், நான் பிறந்ததே இங்கேதான். என் தமிழில் பாதி கன்னடமும் மீதியில் பாதி இங்கிலீஷும் இருக்கும். அவர் பேசும்போது மட்டும் கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் அவர் பேசுவதே அபூர்வம்.

ஸ்டாஃப் ரூமில் அவரைக் கேலி பண்ணாதவர்கள் கிடையாது. பீரியட்டைத்தான் கொடுத்தாயிற்றே, காண்டீனில் போய் உட்கார்ந்து காப்பி குடிக்கலாம், பேப்பர் படிக்கலாம். எந்த பி.டி. மாஸ்டரும் அதைத்தான் செய்வார். இந்த மனுஷர் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து கோடு போடுவார், பீரியட் பெல் அடித்ததும் போய் நிற்பார், முடிந்த பெல் அடித்ததும் திரும்பி வருவார். வெயில் அடித்தாலும் நிற்பார், தூறினாலும் தொப்பியோடு நிற்பார்.

ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். "ஏன் சார், கிரவுண்டை யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு காவலா?"

ஸ்டாஃப் ரூமே சிரித்தது. அவரும் கொஞ்சம் சிரித்தார். "அப்படி இல்லீங்க, மேடம். யாராச்சும் வந்தா?"

"யார் சார் வருவாங்க? எல்லாரும் என்கிட்ட மேல இருக்காங்களே."

"வந்து பார்த்து, ஆளில்லைன்னா திரும்பிப் போயிருவாங்களுங்க. அதுக்குத்தான்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் போர்டில் எழுதும்போது இடது கண்ணோரத்தில் அவர் நிற்பது தெரிந்துகொண்டே இருக்கும். என்னைக் குற்றம் சொல்லத்தான் அப்படி நிற்கிறார் என்று நினைத்தேன். அந்த ஜன்னலைச் சாத்தி வைக்கச் சொன்னேன். காற்றில் பேப்பர் பறக்கிறது என்று காரணம் சொன்னேன். கண்ணாடி ஜன்னல், சாத்தினாலும் தெரியத்தான் செய்தது.

இன்னொரு பிடிவாதமும் இருந்தது. வருஷக் கடைசியில் உடற்கல்விக்கும் கிரேடு போட வேண்டும். மற்ற பள்ளிகளில் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் 'ஏ' போட்டுவிடுவார்கள். இவர், ஓடுவதைத் தான் பார்க்காத பிள்ளைகளின் பெயருக்கு நேரே கன்னடத்தில் 'நோடலில்ல' என்று எழுதி வைத்துவிடுவார். பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒரு வருஷம் மொத்த வகுப்புக்கும் நோடலில்ல, நோடலில்ல, நோடலில்ல என்று நாற்பத்திரண்டு தடவை. ஹெட்மிஸ்ட்ரஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் ஆபீஸ் கிளார்க்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் அடித்து 'ஏ' போட்டார். அதற்கு மாஸ்டர் சண்டை போடவில்லை. அடுத்த வருஷமும் அதேதான் எழுதினார், அவ்வளவுதான்.

பார்ப்பதுதான் அவருக்கு வேலை என்று இப்போது தோன்றுகிறது. ஒரு தடவை நான் ட்ரெயினிங் ஒன்றுக்குப் போய்விட்டு ஒரு பீரியட் தாமதமாக வந்தேன். வகுப்பு சும்மா இருக்கிறதே என்று அவர் எல்லோரையும் கீழே கூட்டிப்போய் ஓடவிட்டிருந்தார். வேர்த்து விறுவிறுத்து, முகமெல்லாம் சிவந்து மேலே வந்தார்கள். "அய்யய்ய, என்ன நாத்தம்!" என்று ஜன்னலையெல்லாம் நானே திறந்துவிட்டேன். அன்றைக்கு நடத்தியது மூன்று நாள் இழுக்கும் தேற்றம். ஒரே தடவையில் ஏறிவிட்டது. கடைசி பெஞ்ச்காரர்கள்கூட எழுந்து நின்று காரணம் சொன்னார்கள். அது என் சாமர்த்தியம் என்று வீட்டுக்குப் போய்ப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மறுநாள் அவர் படியோரம் நின்றிருந்தார். "மேடம், ரெண்டாவது பெஞ்ச்ல கட்டையா ஒரு பையன் இருக்கானில்லீங்களா, அவன் காலைல சாப்பிடாம வர்றானுங்க. ரெண்டாவது ரவுண்டுல நின்னுடறான். உங்க கணக்குலயும் பாதில நிப்பானே?"

நின்றான்தான். பாதிக் கணக்கில் பேனாவைக் கீழே வைத்துவிடுவான். நான் அவனைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தேன். "பார்க்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். பார்க்கவில்லை.

என்னையும் அவர் பார்த்திருக்கிறார். என் வீட்டுக்காரர் இறந்துபோன வருஷம் அது. பதினாறாம் நாள் முடிந்து நான் வேலைக்கு வந்தேன். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள், ஒரு வாரத்தில் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அது உலக வழக்கம்தான், குறை சொல்லவில்லை. பையன் வெளிநாடு திரும்பிவிட்டான். விஜயநகரில் அவ்வளவு பெரிய வீட்டில் ஒருத்திக்காக அடுப்பு மூட்ட மனசே வராது. ஒரு மாதம் கழித்து என் மேஜையில் இரண்டு வாழைப்பழம் இருந்தது. மறுநாளும் இருந்தது. யார் என்று கேட்டேன்.

"நான்தானுங்க," என்றார். "படி ஏறுறப்ப பாதில நிக்கிறீங்க. முன்ன நிக்க மாட்டீங்க. வெறும் வயித்தோட ஏறாதீங்க, மேடம்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "தேங்க்ஸ் சார்" என்று மட்டும் சொன்னேன். அவரும் தனி ஆள்தான். பள்ளிக்குப் பின்னால் ஒரு ரூம், ஊரில் ஒரு அக்கா, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். மதியம் மைதானத்தின் ஓரத்தில், மே ஃபிளவர் மரத்தடியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பார். ஸ்டாஃப் ரூமுக்கு வாங்க சார் என்று நான் ஒருநாளாவது கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

இனி பவித்ரா.

டைல்ஸ் ஒட்டுகிறவரின் மகள். தருமபுரிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்த குடும்பம். எட்டாம் வகுப்பில் எங்கள் பள்ளியில் சேர்ந்தாள். ஒல்லியாக, உயரமாக இருப்பாள். எனக்கு அவளைப் பிடிக்கவே பிடிக்காது. உண்மையைச் சொல்வதென்று உட்கார்ந்தபின் இதை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? கேள்வி கேட்டால் பதில் சொல்ல மாட்டாள். என் வாயையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "என்னடி முறைக்கிற, திமிரா?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். நோட்டை எடுக்கச் சொன்னால் பக்கத்தில் இருப்பவள் எடுத்த பிறகுதான் எடுப்பாள். டெஸ்ட் வைத்தால் பக்கத்துத் தாளை எட்டிப் பார்ப்பாள். இரண்டு வருஷமும் கணக்கில் ஃபெயில்.

அன்று வெள்ளிக்கிழமை. அவருடைய பீரியட்டில் டெஸ்ட் வைத்தேன். வழக்கம்போல் போர்டைப் பார்த்துக்கொண்டே கேள்விகளைச் சொல்லிச் சொல்லி எழுதினேன். பாதியை எழுதுவேன், பாதியை வாயால் சொல்வேன். நேரம் மிச்சம் பிடிக்க நானே கண்டுபிடித்த முறை அது. திரும்பிப் பார்த்தால் பவித்ரா பக்கத்துத் தாளின் மேலேயே விழுந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். அந்த வாரத்தில் அது இரண்டாவது தடவை.

"எழுந்திரு! வெளிய போ!"

அவள் அசையவில்லை. என் வாயைப் பார்த்தாள், மற்றவர்களைப் பார்த்தாள். யாரோ கதவைக் காட்டினார்கள். அப்புறம்தான் போனாள். வராந்தாவில் நிற்பாள் என்று நினைத்தேன். ஐந்து நிமிஷம் கழித்துச் சாத்திய ஜன்னல் வழியாகப் பார்த்தால், மைதானத்தில் நிற்கிறாள்.

இத்தனை வருஷமாக அவர் 'யாராச்சும் வந்தா' என்று நின்றாரே, அவருடைய பீரியட்டில் தானாக வந்த முதல் ஆள் அவள்தான்.

அவர் அவளைக் கோட்டில் நிறுத்தினார். பின்னால் பத்தடி தள்ளிப் போய் விசிலை வாயில் வைத்தார். அவள் ஓடவில்லை. அவர் கொஞ்சம் கிட்ட வந்து, இடது பக்கம் நின்று, கன்னம் உப்ப மறுபடி ஊதினார். மே ஃபிளவர் மரத்திலிருந்து காக்கைகள் அத்தனையும் எழும்பிப் பறந்தன. அவள் அப்படியே நின்றாள். வலது பக்கம் வந்து, இன்னும் கிட்ட நின்று ஊதினார். லேசாகத் தலையைத் திருப்பினாள். அவர் விசிலைக் கீழே விட்டுவிட்டு அவளுக்கு முன்னால் போய் நின்றார். கையை மேலே தூக்கினார். அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையைக் கீழே இறக்கினார். அவ்வளவுதான், பிடித்தாள் ஓட்டம். அப்படி ஒரு ஓட்டத்தை எங்கள் பள்ளியில் நான் பார்த்ததில்லை. அவர் திரும்புவதற்குள் கோட்டின் அந்தக் கோடியில் நின்று சிரிக்கிறாள். அவள் சிரித்தும் நான் அதுவரை பார்த்ததில்லை.

அவர் நிமிர்ந்து மாடியைப் பார்த்தார். ஜன்னலில் நான் நிற்பதைப் பார்த்தார். நான் சட்டென்று போர்டின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். தண்டனை கொடுத்து அனுப்பினால் அங்கே விளையாட்டா? மதியம் அவர் ஸ்டாஃப் ரூமுக்கே வந்தார். அவர் அங்கே வருவதே அபூர்வம்.

"மேடம், ஒரு நிமிசமுங்க. அந்தப் புள்ள இருக்குதில்லீங்களா..."

"என்ன சார்? நான் வெளிய அனுப்பினவளுக்கு நீங்க ரேஸ் வைக்கிறீங்களா? நாளைக்கு எவ எனக்குப் பயப்படுவா?"

"ரேஸு இல்லீங்க. அந்தப் புள்ளைக்கு..."

"போதும் சார். எனக்கு எல்லாம் தெரியும். உங்க வேலையை நீங்க பாருங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அதோடு விடாமல் ஹெட்மிஸ்ட்ரஸிடம் போய்ச் சொல்லி அவருக்கு ஒரு மெமோவும் வாங்கிக் கொடுத்தேன். வேறு பாடத்துக்குக் கொடுத்துவிட்ட பீரியட்டில் மாணவர்களை மைதானத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று.

அன்று சாயங்காலம் ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு பஸ்காரன் காது கிழிய ஹார்ன் அடித்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டு, வண்டி தன்னால் ஓரத்துக்குப் போயிற்று. காலை ஊன்றி நின்றேன். அப்போதுதான் அந்தக் காக்கைகள் ஞாபகம் வந்தன. மரத்தில் இருந்த காக்கைக்குக் கேட்டது. கோட்டில் நின்றவளுக்குக் கேட்கவில்லை.

அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வாயைப் பார்ப்பது, பக்கத்துத் தாளைப் பார்ப்பது, மற்றவர்கள் எழுந்த பிறகு எழுவது எல்லாம். நான் போர்டைப் பார்த்துப் பேசியது ஒரு வார்த்தைகூட அவளுக்குப் போயிருக்காது. மறுநாளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அந்த இரண்டு வருஷமும் என் தலையில் விழும். எத்தனை பெயர் சொல்லித் திட்டியிருக்கிறேன், எத்தனை தடவை வெளியே நிறுத்தியிருக்கிறேன்! அதோடு அவரிடம் போய், நீங்கள் சொல்ல வந்தது சரிதான் சார் என்று நிற்க வேண்டும். மெமோ வாங்கிக்கொடுத்த கையோடு எப்படிப் போவது? தானாக ஏதாவது நடக்கும் என்று விட்டுவிட்டேன்.

தானாக நடந்தது ஏப்ரல் மாத மீட்டிங். பத்தாம் வகுப்புக்குப் போனால் ரிசல்ட்டைக் கெடுப்பார்கள் என்று தோன்றுகிறவர்களை ஒன்பதிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவது ஒரு வழக்கம். வெளியே சொல்ல மாட்டார்கள், எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷம் ஆறு பேர். லிஸ்ட் போட்டது நான். மூன்றாவது பெயர் பவித்ரா. அந்த ஸ்கூட்டர் சாயங்காலத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்த லிஸ்ட் அது. எடுத்து அடிக்க எனக்குக் கை வரவில்லை.

கதவோரத்து நாற்காலியிலிருந்து அவர் எழுந்தார். மீட்டிங்கில் அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை. "அந்தப் பெண்ணுக்குக் காது கேட்கவில்லை, அனுப்பக் கூடாது" என்று கன்னடத்தில் சொன்னார்.

டாக்டர் சர்ட்டிஃபிகேட் இருக்கிறதா என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார். மாஸ்டர் இல்லை என்றார். நீங்கள் என்ன காது டாக்டரா என்று ஹெட்மிஸ்ட்ரஸ் திருப்பிக் கேட்டார். அறையில் சிரித்தார்கள்.

"நான் விசில் ஊதிப் பார்த்தேன். ஜன்னலிலிருந்து மேக்ஸ் மேடமும் பார்த்தார். அவரைக் கேளுங்கள்," என்றார்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அவரும் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று ரொம்ப நம்பிக்கையாக நின்றார்.

"நோடலில்ல, மேடம்," என்றேன். "நான் போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன்."

அவர் "சரிங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் நான்காவது பெயரைப் படித்தார். மறுநாள் படியில் எதிரே வந்தபோது எப்போதும் போல, "சாப்டீங்களா, மேடம்?" என்று கேட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஜூனில் பள்ளி திறந்ததும் பவித்ராவின் அப்பா வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போனார். கை விரல்களில் சிமெண்டுப் பால் காய்ந்திருந்தது. அவள் பக்கத்தில் நின்று கிளார்க்கின் வாயையும் அப்பாவின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆபீஸ் வாசலைத் தாண்டி வேகமாக மாடிக்குப் போய்விட்டேன். அது ஒரு செவ்வாய்க்கிழமை. பதினொன்றே முக்காலுக்கு ஜன்னலைப் பார்த்தேன். கோடுகள் இருந்தன, அவர் இல்லை. அரை நாள் லீவ் போட்டிருக்கிறார் என்றார்கள். நான் அங்கே வேலை பார்த்த காலத்தில் அவர் பீரியட்டில் அவர் இல்லாத நாள் அது ஒன்றுதான்.

அந்த வகுப்பு பத்தாவதில் நூற்றுக்கு நூறு வாங்கியது. கேட்டில் பெரிய பேனர் கட்டினார்கள். எனக்கு ஒரு சந்தன மாலை போட்டு ஃபோட்டோ எடுத்தார்கள்.

அடுத்த வருஷம் அவர் ரிடையர் ஆனார். கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமையாக வந்தது. அன்றைக்காவது பிள்ளைகளைக் கீழே அனுப்பலாம் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டே இருந்தேன். அனுப்பினால் எதையோ ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று ஒரு வீம்பு. ரிவிஷன் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அந்த பீரியட்டையும் எடுத்தேன். அன்றைக்கு மட்டும் சீட்டு எழுத வெட்கமாக இருந்தது, எழுதவில்லை. அவர் கீழே நின்றார். பெல் அடித்ததும் காலால் கோட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு நடந்தார். சாயங்காலம் சால்வை போட்டார்கள். அடுத்த வாரம் ரூமைக் காலி பண்ணிவிட்டு ஹனூர் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

நானும் ரிடையர் ஆகிப் பல வருஷம் ஆயிற்று. சுகர் வந்துவிட்டது. தினமும் நாற்பத்தைந்து நிமிஷம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், சரியாக ஒரு பீரியட். விஜயநகர் பார்க்கில் தனியாகத்தான் சுற்றுகிறேன். பையனிடமிருந்து ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வரும். வாரத்தில் சில நாள் பால்காரனைத் தவிர யாரிடமும் பேசியிருக்க மாட்டேன். 'யாராச்சும் வந்தா' என்று அவர் சொன்னதை அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் நான் புரிந்துகொண்டேன்.

போன மாதம் ரத்தம் கொடுக்க ஒரு லேபுக்குப் போனேன். நீல கோட் போட்ட பெண் ஒருத்தி என் பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். காதுக்குப் பின்னால் தோல் நிறத்தில் ஒரு மெஷின்.

"மேடம்! நீங்களா? ஹௌதா, நிஜமாவா? நான் பவித்ரா, மேடம். நயன்த் பி."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே போனாள். சின்ன வயதில் காதில் சீழ் வைத்ததாம். இடது காது சுத்தமாகப் போய்விட்டதாம், வலது பாதி. மெஷின் போட்ட பிறகு கவர்ன்மெண்ட் ஸ்கூலில் முன் பெஞ்சில் உட்கார்ந்து பத்தாவது பாஸ் பண்ணினாளாம். கணக்கில் அறுபத்தெட்டாம். காதைப் பரிசோதிக்க நாடெங்கும் இருந்து ஜனங்கள் ரயிலேறி வருகிற இடம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது, பள்ளியிலிருந்து ஒரு பஸ் தூரம். அங்கேதான் டி.சி. வாங்கிய அன்றைக்கே பி.டி. சார் அவர்களைக் கூட்டிப்போயிருக்கிறார்.

"அப்பா வரவே மாட்டேன்னாரு, மேடம். பி.டி. மாஸ்டருக்குக் காதைப் பத்தி என்ன தெரியும்னு கேட்டாரு. அப்புறம் சார் சொன்னாரு, மேக்ஸ் மேடமும் ஜன்னல்ல இருந்து பார்த்தாங்கன்னு. மேக்ஸ் மேடம் சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்னு அப்பா உடனே கிளம்பிட்டாரு. உங்களாலதான், மேடம்."

'உங்களாலதான்' என்கிறாள்! மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் நான் இல்லையென்று சொன்னதையே கொண்டுபோய் அந்த மனுஷர் என் பெயரிலேயே அவளுக்கு உபயோகப்படுத்தியிருக்கிறார். அது பொய்யும் இல்லை. பார்த்தேன்தானே.

"சார் எப்படி இருக்காரு, மேடம்? நம்பர் இருக்கா? பழைய நம்பருக்குப் போட்டா போகவே மாட்டேங்குது."

"எனக்கும் தெரியாதும்மா," என்றேன்.

அவள் என் கையில் ரப்பரைக் கட்டினாள், பஞ்சால் துடைத்தாள். ஊசி குத்தும்போது எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நானும் சுவரின் பக்கம் திரும்பினேன். மூலையில் ரத்தத்தைச் சுற்றுகிற மிஷின் கொர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. சுவரைப் பார்த்தபடியே சொன்னேன்.

"நான் பார்த்தேன், பவித்ரா. ஆனா மீட்டிங்ல கேட்டப்போ பார்க்கலைன்னு சொல்லிட்டேன். லிஸ்ட்ல உன் பேரை எழுதினதும் நான்தான்."

முழுசாகச் சொல்லிவிட்டேன். அவள் ஊசியை எடுத்தாள், பஞ்சை வைத்து என் கையை மடக்கினாள்.

"ஏதோ சொன்னீங்களே, மேடம்? இந்த மிஷின் சத்தத்துல கேக்கல. என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

திரும்பினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதே பார்வை.

"ஒண்ணுமில்லம்மா. நல்லாயிரு," என்றேன்.

பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து நின்றேன். அவராயிருந்தால் அவளுக்கு முன்னால் போய் நின்று கையைத் தூக்கியிருப்பார்.